வால் எங்கல?

ராத்திரி பதினொரு மணிக்கு மேல போன் ஒரு தடவை முனகும். எடுத்துப் பாக்காமலே தெரியும், நம்மாளுதான். ஒரு வீடியோ, அதுக்குக் கீழ 'பாருல' அப்டின்னு ஒத்தை வார்த்தை. நலம் விசாரிப்பு, குட் நைட்டு, ரோஜாப்பூ ஒண்ணும் கிடையாது. மக்களே, உங்களுக்கும் இப்படி ஒரு சேக்காளி இருப்பான். இல்லைன்னா உங்க கூட்டத்துல அந்த சேக்காளி நீங்கதான்னு அர்த்தம் :-)

நம்மாளு திருநெல்வேலி டவுண்காரன். ரத வீதிப் பக்கம் கடை. கடையை அடைச்சு, வகையடி முக்குல நின்னு ஒரு பால் குடிச்சுட்டு, வீட்டுல போயி கட்டையச் சாச்சப்புறம்தான் இந்தத் திருப்பணியை ஆரம்பிப்பான். எங்கேருந்துதான் புடிக்கானோ! எல்லாமே சிரிப்பு வீடியோ மாதிரிதான் ஆரம்பிக்கும். பாதிக்கு மேல வயித்துக்குள்ள என்னமோ புரளும்.

கல்யாண மேடையில மாலை மாத்துற நேரத்துல பலகை பொளந்து மாப்பிள்ளை உள்ள போயிருவாரு. சிரிப்போம். அடுத்த செகண்டு, 'ஐயோ, அடி பட்டிருக்குமோ'ன்னு தோணும். வீடியோ அதோட முடிஞ்சிரும். குரங்கு ஒண்ணு தொட்டிலை ஆட்டிக்கிட்டு இருக்கும். பாக்க அழகுதான். திடீர்னு தொட்டிலுக்குள்ள கைய விடும். முடிஞ்சிரும். தங்கமணிக்குக் காட்டினா, "அந்தக் குரங்கு புள்ளைய என்ன பண்ணிச்சு?"ன்னு என்னையப் புடிச்சு உலுக்குவா. எனக்கு என்ன தெரியும்... அவ்வ்வ்.

அதனால நான் அவனுக்கு வழக்கமா எழுதுற பதில் ரெண்டே வார்த்தைதான். "வால் எங்கல?"

வால்னா மிச்சத் துண்டு. அதுக்கப்புறம் என்ன ஆச்சுங்கற துண்டு. அது இருந்தா நானும் நாலு பேருக்கு அனுப்புவேன். இல்லைன்னா என்னோட நின்னுரும். நான் வச்சிருக்க சட்டம் அவ்ளோதான். இந்தச் சட்டம் எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சா, கடையம் வீடியோலேருந்துதான்னு நினைக்கேன்.

உங்கள்ல பாதிப் பேரு அதைப் பாத்திருப்பீங்க. 2019 ஆகஸ்ட் 11ம் தேதி ராத்திரி, கடையத்துக்குப் பக்கத்துல கல்யாணிபுரத்துல நடந்தது. அப்ப அது திருநெல்வேலி மாவட்டம். அந்த வருஷம் நவம்பர்லதான் தென்காசி தனி மாவட்டமாச்சு. (கடையம்னா பாரதியார் சம்சாரம் செல்லம்மாவோட ஊரு. புதுச்சேரிய விட்டு வந்ததுக்கப்புறம் 1918 கடைசிலேருந்து 1920 வரைக்கும் பாரதி அங்கதான் குடியிருந்தாரு. நிற்க.)

வீட்டு முன்வாசல்ல மாட்டின கேமரா. பெரியவர் ஒருத்தர் நாற்காலியில உக்காந்திருக்காரு. முகத்தை மூடின ஒருத்தன் பூனை மாதிரி பின்னால வந்து, துண்டை அவரு கழுத்துல போட்டு இறுக்குறான். கூட இன்னொருத்தன் அரிவாளோட. சத்தம் கேட்டு உள்ளேருந்து அந்த அம்மா வாராங்க. வந்தவங்க அலறிட்டு உள்ள ஓடல. கையில அகப்பட்ட செருப்பை எடுத்து வீசுதாங்க! அடுத்தது பிளாஸ்டிக் சேர். அதுக்குள்ள பெரியவர் எப்படியோ கழுத்தை விடுவிச்சுட்டு எந்திரிச்சு, அவரும் ஒரு சேரைத் தூக்கிட்டாரு. அரிவாளுக்கு எதிரா பிளாஸ்டிக் நாற்காலி. கடைசில ரெண்டு பயலுவளும் ஓட்டம் புடிச்சிட்டானுவ.

ரெண்டு பேரும் அறுபதைத் தாண்டினவங்க. அவங்க பேரு அன்னிக்கு எல்லா பேப்பர்லயும் வந்தது. நான் இங்க எழுதல. அந்த ஒரு நிமிஷத்துக்காக ஊரு பூராவும் அவங்களைப் பாத்தது போதும்னு ஒரு எண்ணம்.

நம்மாளு எனக்கு அனுப்புன துண்டுல சத்தமே இல்ல. முதல் தடவை பாக்கும்போது நான் சிரிக்கல. துண்டு கழுத்துல விழுந்த இடத்துல எனக்கும் மூச்சு நின்னுது. முடிவு தெரிஞ்சப்புறம் ரெண்டாம் தடவை போட்டேன். செருப்பு பறக்குற இடத்துல வாய்விட்டுச் சிரிச்சேன். மூணாவது தடவை தங்கமணி, புள்ளைங்க எல்லாரும் சேர்ந்து பாத்து கைதட்டினோம். ஒரே வீடியோதான். ஒரு ஃப்ரேம் கூட மாறல. ஆனா எனக்கு மூணு வீடியோ.

தமிழ் வாத்தியார் ஒருத்தருகிட்ட அடிவாங்கிப் படிச்சவன்கறதால இந்த இடத்துல கொஞ்சம் ஜல்லி அடிச்சுக்கிடுதேன், பொறுத்துக்கோங்க. தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்னு ஒரு பகுதி இருக்கு. மனசுல உள்ளது உடம்புல வெளியத் தெரியறது எட்டு விதம்னு சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் நாலு நாலு காரணம் அடுக்குவாரு. சிரிப்பு வர்றதுக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன். அச்சம் வர்றதுக்கு அணங்கு, விலங்கு, கள்வர், அப்புறம் அரசன். கள்வரைப் பாருங்க, நேரா அச்சத்துப் பட்டியல்ல உக்காந்திருக்கான்! கடையம் வீடியோவுல அவனை அச்சத்துலேருந்து புடிச்சு இழுத்து எள்ளல்ல தள்ளினது அந்த அம்மாவோட செருப்புதான். அந்த அம்மாவுக்கும் பட்டியல்ல இடம் இருக்கு. பெருமிதத்துக்குக் கீழ 'தறுகண்'னு போட்டிருக்கு. பயப்படாம நிக்கறது.

இதை நம்மாளுக்கு விளக்கினேன். "சவத்தப் போடு, வீடியோ நல்லாருக்கா இல்லையா அதச் சொல்லு"ன்னுட்டான்.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு? சினிமா சண்டைப் பாட்டு ஒட்டின வெர்ஷன் வந்தது. வடிவேலு வசனம் ஒட்டினது வந்தது. அமிதாப் பச்சன் ட்விட்டர்ல பாராட்டினாரு. ஆகஸ்ட் 15ம் தேதி கோட்டையில அப்ப முதலமைச்சரா இருந்த எடப்பாடி பழனிசாமி ரெண்டு பேருக்கும் துணிச்சலுக்கான சிறப்பு விருதும் 2 லட்சம் ரூபாயும் குடுத்தாரு. நாலே நாள்ல! ஆனா எனக்கு வந்த பாட்டு வெர்ஷன் எதுலயும் சொல்லாத ஒண்ணு உண்டு. அந்த அம்மா கையில வெட்டுக்காயம். கழுத்துல கிடந்த செயினையும் அத்துட்டுப் போயிட்டானுவ. சிரிப்புக்கு வேண்டிய வாலை மட்டும் வச்சுக்கிட்டு, மிச்சத்தை நறுக்கிட்டாங்க. பேப்பர் படிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

வாலை நறுக்கினா எங்க போயி நிக்கும்னு அதுக்கு முந்தின வருஷமே பாத்தாச்சு.

2016ல கராச்சியில ரோஷ்னி ஹெல்ப்லைன்னு ஒரு அமைப்புக்காக ஒரு விழிப்புணர்வுப் படம் எடுத்தாங்க. தெருவுல பசங்க கிரிக்கெட் விளையாடிக்கிட்டு இருக்காங்க. பைக்குல ரெண்டு பேரு வந்து ஒரு சின்னப் பையனைத் தூக்கிட்டுப் போறானுவ. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து பையனை இறக்கி விட்டுட்டு ஒரு அட்டையை விரிச்சுக் காட்டுறாங்க. ஒரு பிள்ளையக் கடத்த ஒரு நொடி போதும், பாத்துக்கோங்கன்னு சேதி. நல்ல படம். எவனோ ஒரு புண்ணியவான் அட்டை காட்டுற இடத்தை வெட்டி எறிஞ்சுட்டான். மிச்சம், புள்ளை புடிக்கிறவன் புடிச்சுட்டுப் போற சிசிடிவி வீடியோ!

2018ல இந்தியா முழுக்க அது சுத்தினப்ப, கூடவே அந்தந்த பாஷையில குரல் பதிவு, பழைய போட்டோ எல்லாம் கிளம்பிச்சு. 'வடக்கேருந்து ஆளு இறங்கியாச்சு'ன்னு தமிழ்ல வந்ததை நீங்களும் கேட்டிருப்பீங்க. அந்த மே மாசம் 9ம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர்ல, குலதெய்வம் கோயிலைத் தேடி கார்ல வந்த ஒரு குடும்பம் வழி கேக்க நின்னுருக்கு. அங்க நின்ன பிள்ளைங்களுக்குச் சாக்லேட்டு குடுத்துருக்காங்க. அம்புட்டுதான். 65 வயசு அம்மா ஒருத்தங்களை அடிச்சே கொன்னுட்டாங்க. ஜூலை 1ம் தேதி மகாராஷ்டிராவுல துலே மாவட்டத்துல ஒரே ஊர்ல அஞ்சு பேரு. போளூர்ல அந்தக் கராச்சி வீடியோவேதான் காரணம்னு நான் சொல்ல வரல. அந்தச் சீசன்ல காத்துல இருந்த கிருமியில அதுவும் ஒண்ணு.

குலதெய்வம் கோயிலுக்கு வழி கேக்கறது! நம்ம பக்கத்துல பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலைத் தேடி எத்தனை குடும்பம் இப்படி வழி கேட்டுக்கிட்டு அலையுது. தெருவுல நிக்கற பிள்ளை கையில மிட்டாயைக் குடுத்து, "உங்க தாத்தா பேரு என்னல?"ன்னு கேக்காத பெருசு உண்டா இங்க?

அதுக்கப்புறம்தான் வாட்ஸ்அப்காரன் 2018 ஜூலையில 'ஃபார்வர்டட்'னு மேல எழுத ஆரம்பிச்சான். இந்தியாவுல ஒரு நேரத்துல அஞ்சு பேருக்கு மேல தள்ள முடியாதுன்னு கட்டுப்பாடு போட்டான். 2019 ஜனவரியில அதையே உலகம் முழுக்க. 2020 ஏப்ரல்ல, ரொம்ப சுத்தினதை ஒரு தடவைக்கு ஒருத்தருக்குத்தான்னு குறைச்சான். எல்லாம் எத்தனை பேருக்குங்கற கணக்கு. வால் இருக்கா இல்லையான்னு மெஷினுக்கு எப்படித் தெரியும், பாவம்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிடுதேன். நம்ம சின்ன வயசுல துண்டு நோட்டீஸ் வருமே, ஞாபகம் இருக்கா? ஏதோ ஒரு கோயில்ல பாம்பு வந்து பூசாரிகிட்ட பேசிச்சு, இதை ஆயிரம் பேருக்கு அச்சடிச்சுக் குடுத்தவனுக்கு லாட்டரி விழுந்துச்சு, கிழிச்சுப் போட்டவன் ரத்தம் கக்கிச் செத்தான்னு. படிக்கப் படிக்கச் சிரிப்பா வரும். கிழிச்சுப் போடத்தான் கை வராது. எங்க ஆச்சி அதை மடிச்சு அரிசிப் பானைக்கு அடியில வைப்பா. அச்சடிக்கக் காசும் இல்ல, கிழிக்கத் தைரியமும் இல்ல :-)

1991ல கோஜி சுசுகின்னு ஒரு ஜப்பான்காரர் இதையே நாவலா எழுதிட்டாரு, 'ரிங்'. 1998ல படமா வந்தது. ஒரு வீடியோ கேசட்டு, பாத்தவன் ஏழு நாள்ல சாவான். தப்பிக்க ஒரே வழி, காப்பி எடுத்து இன்னொருத்தனுக்குக் காட்டறது. படத்தை எனக்குக் காட்டினதும் நம்மாளுதான். காட்டி முடிச்சுட்டு, "இனி உன் பாடு"ன்னு சொன்னான் பாருங்க... ஏழு நாளும் நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்.

சிரிப்பும் கலக்கமும் நம்ம பக்கமே திரும்பினா எப்படி இருக்கும்னு 2007ல ஒரு தடவை தெரிஞ்சது. 2000ல வந்த 'பெண்ணின் மனதைத் தொட்டு' படத்துல பிரபுதேவா ஆடுற 'கல்லூரி வானில்' பாட்டை எடுத்து, மைக் சட்டன்னு ஒரு அமெரிக்கர், தன் காதுக்கு என்ன இங்கிலீஷா கேக்குதோ அதையே கீழ எழுத்தா போட்டு யூடியூப்ல விட்டாரு. 'பென்னி லாவா'ன்னு உலகமே சிரிச்சுது. நானும் வயிறு வலிக்கச் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. இந்தப் பாட்டை இனிமே எப்பக் கேட்டாலும் அந்த லூசு இங்கிலீஷ்தான் காதுல விழும். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் விழுது. பிரபுதேவா அளவுக்கு ஆடுற ஆளுன்னா அதெல்லாம் துடைச்சுட்டுப் போயிருவாரு. வீடியோவுல மாட்டினது நம்ம வீட்டு ஆளுன்னா?

அதைச் சொல்லத்தான் வந்தேன். அதுக்கு முன்னால வெள்ளத்தைச் சொல்லணும். ஏன்னா அதுலேருந்துதான் நம்மாளு வந்ததைத் தள்ளுறதை விட்டுட்டு, தானே எடுக்க ஆரம்பிச்சான்.

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்துல செந்தூர் எக்ஸ்பிரஸ் கிட்டத்தட்ட 800 பேரோட நடுவுல நின்னுது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள தண்ணி. குறுக்குத்துறை முருகன் கோயில் வழக்கம்போல ஆத்துக்குள்ள. போன் ஒண்ணும் போகல. நான் சென்னையில உக்காந்து டிவியவே பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு அவனுக்கு சிக்னல் வந்தப்ப பதினேழு வீடியோ மொத்தமா வந்து விழுந்துச்சு, வரிசை மாறி! முதல்ல வந்தது வால். தண்ணி வடிஞ்ச தெருவுல சேறு, ஒரு கட்டில், மேல ஒரு கோழி. அப்புறம் நடுத்துண்டு. பெரிய அண்டாவுக்குள்ள ஒருத்தரு குடையைப் புடிச்சுக்கிட்டு ராஜா மாதிரி மிதந்து வாராரு, எடுக்கறவனும் சிரிக்கான், அவரும் சிரிக்காரு. சிரிச்சுக்கிட்டே கேமரா வலது பக்கம் திரும்புது. ஒரு பசுமாடு. தலை மட்டும் வெளிய. கண்ணு ரெண்டும் நேரா நம்மளைப் பாக்குது. சிரிப்புச் சத்தம் நிக்குது. மழைச் சத்தம் மட்டும்.

நான் கேக்கறதுக்கு முன்னாடியே கீழ எழுதியிருந்தான். "மாடு பொழச்சிட்டுல. மேட்டுல ஏத்திட்டோம்." அதை நான் அனுப்புன எல்லாருக்கும் அந்த வரியையும் சேர்த்தே அனுப்புனேன்.

அவங்க அப்பா வீடியோ வர ஆரம்பிச்சது அதுக்கடுத்த வருஷம்.

அவங்க அப்பாவை எனக்கு நல்லாத் தெரியும். ஜவுளிக்கடையில கணக்கு எழுதினவரு. அந்த வீட்டு நடையை மிதிச்சவன் சாப்பிடாம வெளிய வர முடியாது. "சாப்டாச்சு மாமா"ன்னா, "அது உங்க வீட்டுல. இங்க?"ம்பாரு. மூணு நாலு வருஷமா மறதி. டாக்டர் டிமென்ஷியான்னு சொல்லியாச்சு.

முதல் வீடியோ, டிவி செய்தி. செய்தி வாசிக்கற அம்மா கையெடுத்துக் கும்பிட்டு வணக்கம் சொன்னதும் மாமா வேட்டியை இறக்கிவிட்டு எந்திரிச்சு நிக்காரு. "வணக்கம்மா. எப்ப வந்திய? சாப்டியளா?" அந்தம்மா பாட்டுக்கு கவர்னர் பத்தி வாசிக்காங்க. மாமா தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டு, உள்ள திரும்பி, "ஏட்டி, இலையப் போடு"ங்காரு. நான் சிரிச்சுட்டேன். சிரிப்பு அடங்கறதுக்குள்ள கண்ணு கலங்கிச்சு. மெய்ப்பாட்டியல்ல பேதைமை சிரிப்புக்குக் கீழ இருக்குன்னு சொன்னேன்ல? அழுகைக்குக் கீழ 'அசைவு'ன்னு ஒண்ணு இருக்கு. முன்னால இருந்த நிலைமை கெட்டு வேற மாதிரி ஆகி வருந்தறதுன்னு உரைக்காரங்க எழுதுவாங்க. ரெண்டும் ஒரே நாற்காலியில உக்காந்தா என்ன செய்ய?

ரெண்டாவது, பீரோக் கண்ணாடி. கண்ணாடியில தெரியற ஆளை மாமாவுக்கு யாருன்னு தெரியல. இந்த நோயில இப்படி ஆகறது உண்டாம். சில பேரு பயந்து கூச்சல் போடுவாங்களாம். மாமா விருந்தாளியாக்கிட்டாரு! "வாங்க அண்ணாச்சி, நின்னுக்கிட்டே இருக்கியள, இருங்க. இவனுவ ஒரு வாய் காப்பி கூட குடுக்கலையா?"

"நம்ம காலேஜ் குரூப்புல போடுல, எல்லாரும் சிரிக்கட்டும்"னான் நம்மாளு. நான் போடல. அந்தக் குரூப்புல நூத்துச் சொச்சம் பேரு. அவரைத் தெரியாதவனுக்கு அது கண்ணாடிகிட்ட பேசுற ஒரு கிழவன், அவ்வளவுதான். நாளைக்கு அதுக்கு ஒரு பாட்டு ஒட்டிருவான். போன்ல சொன்னேன். அவனுக்குக் கோவம்.

"ஏல, நீ சிரிச்சியா இல்லையா?"

"சிரிச்சேன்."

"வீட்டுல நாங்களும் சிரிக்கோம்ல. எங்கம்மாவும்தான் சிரிக்கா. சிரிக்காம எப்படில நாளக் கழிக்க? எவனாச்சும் கூடச் சிரிச்சா எனக்குக் கொஞ்சம் லேசாருக்கும்னு பாத்தேன்."

எனக்குப் பதில் இல்ல. ரெண்டு நாள் யோசிச்சு, அந்த வீட்டுல சாப்பிட்டவங்க யாரு யாருன்னு எண்ணிப் பாத்தேன். என்னோட சேர்த்து அஞ்சு பேரு. மிச்ச நாலு பேருக்கும், அவன்கிட்ட சொல்லிட்டு, தனித்தனியா அனுப்புனேன். துபாய்ல இருக்கறவன் அரை மணி நேரத்துல நம்மாளுக்கே போனைப் போட்டு, பரீட்சை அன்னிக்கு மாமா சைக்கிள்ல தூக்குவாளியோட காலேஜ் வாசல்ல வந்து நின்ன கதையைச் சொல்லியிருக்கான். நம்மாளுக்கே அது தெரியாதாம். இன்னொருத்தன் நேரா வீட்டுக்கே போயி, இலையில உக்காந்து சாப்பிட்டுட்டு வந்துட்டான். (இதை எழுதறதுக்கும் அவன்கிட்ட கேட்டாச்சு. "எழுது, கடை பேரப் போட்றாத"ன்னான்.)

நடுவுல டாக்டர் சொன்னாருன்னு பீரோக் கண்ணாடிக்கு ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடியிருக்காங்க. ரெண்டு நாள் மாமா வீடு பூராவும் தேடியிருக்காரு. "அண்ணாச்சி எங்கல? சாப்பிடாமப் போயிட்டாரா? என்ன சொன்னிய அவர?"ன்னு. மூணாம் நாள் பெட்ஷீட்டை எடுத்துட்டாங்க.

போன வாரம் வந்தது நாப்பது செகண்டு வீடியோ. மாமா தன்னோட காப்பியைப் பாதி டவராவுல ஊத்தி, டம்ளரை கண்ணாடிக்கு முன்னால வைக்காரு. "சூடா இருக்கு, பைய குடிங்க." கண்ணாடிக்காரரும் அங்க ஒரு டம்ளரை வைக்காரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்காங்க. முடிஞ்சிருச்சு.

வழக்கம்போல எழுதினேன். "வால் எங்கல?"

பதில் குரல்ல வந்தது. "அவரு குடிக்கலையேன்னு அப்பா மொகம் வாடிட்டுல. நான் போயி பக்கத்துல நின்னு, டம்ளரை எடுத்துக் குடிச்சேன். கண்ணாடியில இப்ப ரெண்டு ஆளுல்லா? அப்பா என்னையப் பாக்கல, கண்ணாடிக்குள்ள இருந்த என்னையத்தான் பாத்தாரு. 'அண்ணாச்சி, இது உங்க மவனா? நல்ல பிள்ளை'ன்னாரு. அப்புறம் படுக்கப் போயிட்டாரு."